ஆமென் சொன்ன பிறகு

வாசகர் கேள்விகளும் பதில்களும்

காலை ஐந்து மணிக்கே எழுந்து வேதம் வாசித்து ஜெபிக்கிறேன். ஆனால் ஏழு மணிக்குள் வீட்டில் எல்லாரையும் திட்டித் தீர்த்துவிடுகிறேன். என் ஜெபத்தில் என்ன குறை?
*வாசகி, நாசரேத்*

ஜெபத்தில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. தூக்கத்தில் இருக்கலாம். இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று எழுதவில்லையே! எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, செத்தால் தேவலை என்று புலம்பியபோது தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தான். சாப்பிட்டார், படுத்தார். மறுபடியும் தட்டி எழுப்பிச் சாப்பிட வைத்தான். பேச்சுவார்த்தை எல்லாம் அதற்குப் பிறகுதான் (1 இராஜாக்கள் 19).

இன்னொன்றும் இருக்கிறது. ஐந்து மணிக்கு நீங்கள் முழங்காலில் இருக்கும்போது மற்றவர்கள் போர்வைக்குள் இருக்கிறார்கள். ஆறு மணிக்கு இட்லிப் பானை, சட்னி, மூன்று டிபன் பாக்ஸ், குழாயில் தண்ணீர் பிடிப்பது எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். கோபம் வராவிட்டால்தான் அதிசயம். மார்த்தாளை ஆண்டவர் கடிந்துகொண்டதைச் சொல்லிச் சொல்லியே நம் வீட்டு மார்த்தாள்களின் வாயை அடைத்துவிட்டோம். அந்த அடுக்களைக்குள் ஓர் ஆண்பிள்ளையை அனுப்பலாமே என்று எந்தப் பிரசங்கியாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. டிபன் பாக்ஸ் வேலையை வீட்டுக்காரரிடம் ஒப்படையுங்கள். ஒரு மாதம் கழித்து உங்கள் சாந்தகுணம் எந்த அளவில் இருக்கிறதென்று எழுதுங்கள்.

என் காரின் பின்கண்ணாடியில் பெரிய எழுத்தில் வசனம் ஒட்டியிருக்கிறேன். இதுவும் ஒரு சாட்சிதானே?
*வாசகர், கோயம்புத்தூர்*

பின்கண்ணாடியைப் படிக்கிறவர், உங்கள் கார் அவரை முந்திய பிறகுதான் படிக்கிறார். எப்படி முந்தினீர்கள் என்பதைப் பொறுத்தது.

பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஊர்க்கதை எல்லாம் வெளியே வருகிறது. எப்படித் தவிர்ப்பது?
*வாசகி, பாளையங்கோட்டை*

"சிஸ்டர், நான் பேசுவதற்காகச் சொல்லவில்லை, ஜெபிப்பதற்காகத்தான் சொல்கிறேன்" என்று தொடங்கும் பேச்சில் அடுத்து வருவது ஜெபமாக இருந்து நான் கேட்டதில்லை. ஓர் எளிய ஏற்பாடு செய்யலாம். பெயரை மட்டும் சொல்வது, கதையை விட்டுவிடுவது. யார் வீட்டு மகள் எந்தப் பையனோடு எந்த பஸ் ஸ்டாண்டில் நின்றாள் என்ற விவரம் ஆண்டவருக்கு வேண்டியதில்லை. அவர் அங்கேதான் இருந்தார்.

எங்கள் ஜவுளிக்கடையைத் தினமும் ஜெபத்தோடுதான் திறக்கிறோம். ஊழியர்களும் கூடவே நின்று ஜெபிக்கிறார்கள். ஆனாலும் யாருக்கும் விசுவாசம் இல்லை. ஆறு மாதத்தில் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள்.
*கடை உரிமையாளர், தூத்துக்குடி*

நின்று ஜெபிக்கிறார்கள், சரி. ஜெபம் முடிந்ததும் உட்கார இடம் இருக்கிறதா? காலையில் வந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும்வரை நின்றபடியே சேலை விரித்துக் காட்டும் பெண்ணின் கால் வீக்கத்தைப் பற்றி உங்கள் காலை ஜெபத்தில் ஒரு வரியாவது வருமா? கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை போட்டுத் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்தையே திருத்தினார்கள். அரசாங்கம் சொல்லித்தான் ஒரு ஸ்டூல் போட வேண்டும் என்ற நிலை, ஜெபத்தோடு திறக்கும் கடைக்கு வந்திருக்கக் கூடாது.

சம்பளம் எந்தத் தேதியில் கொடுக்கிறீர்கள்? ஐந்தா, பத்தா, அல்லது 'ஆடித் தள்ளுபடி முடியட்டும்' என்பதா? கூலிக்காரனின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடச் சொல்கிறது மோசேயின் சட்டம். அவன் ஏழை, அதையே நம்பியிருக்கிறான் என்று காரணமும் சொல்கிறது (உபாகமம் 24:15). பிடித்துவைத்த கூலிக்கு வாய் உண்டு, அது கத்தும் என்கிறார் யாக்கோபு. உங்கள் கடையில் காலையில் இரண்டு சத்தம் மேலே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்கள் ஜெபம்.

போவாஸ் என்ற முதலாளியைப் பாருங்கள். வயலுக்கு வந்ததும் முதலில் அறுப்பு அறுக்கிறவர்களுக்கு வாழ்த்துச் சொல்கிறார், அவர்களும் பதிலுக்கு வாழ்த்துகிறார்கள். வெளியூரிலிருந்து கதிர் பொறுக்க வந்த ரூத்துக்குத் தாகம் எடுத்தால் குடிக்கத் தண்ணீர், மதியம் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட இடம், அவளிடம் யாரும் வாலாட்டக் கூடாது என்று வேலையாட்களுக்கு உத்தரவு. இந்த மூன்றும் இல்லாத கடைகள் நம் ஊர் பஜாரில் எத்தனை என்று ஒரு நடை நடந்தால் தெரிந்துவிடும். ரூத் ஆறு மாதத்தில் வேறு வயலுக்குப் போகவில்லை.

நான் மிகவும் தாழ்மையானவன் என்று சபையில் எல்லாரும் சொல்கிறார்கள். பெருமை வராமல் இதை எப்படி ஏற்றுக்கொள்வது?
*வாசகர், மதுரை*

பத்திரிகைக்கே எழுதிவிட்டீர்கள், இனி என்ன செய்ய?

எங்கள் ஜெப வீட்டில் அதிகாலை நாலரை மணிக்கு ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுகிறோம். தெருக்காரர்கள் புகார் செய்கிறார்கள். இது உபத்திரவம் அல்லவா?
*வாசகர், பெரம்பூர்*

உபத்திரவம்தான், தெருக்காரர்களுக்கு. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை வெளியே ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பது நாடு முழுவதற்கும் உள்ள விதி, 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அது அரசாங்க விதி என்று தள்ளிவிடுவீர்களானால் நீதிமொழிகள் 27:14-ஐப் பாருங்கள். விடியற்காலையில் எழுந்து உரத்த சத்தமாக அடுத்தவனை ஆசீர்வதித்தால், அது சாபமாகவே கணக்கில் ஏறும் என்கிறார் சாலொமோன். ஒலிபெருக்கி கண்டுபிடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார் மனுஷன்!

கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். சபையில் சொன்னால் 'பொறுத்துப் போங்கள், ஜெபத்தால் மாறுவார்' என்கிறார்கள். பொறுமை ஆவியின் கனி என்பதால் நானும் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். சரிதானா?
*பெயர், ஊர் வேண்டாம்*

சரியில்லை, தங்கச்சி. ஆவியின் கனி என்று பவுல் ஒன்பது சொல்கிறார். அதில் இச்சையடக்கமும் இருக்கிறது. அதை யாரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று உங்கள் சபை மூப்பர்களுக்குத் தெரியாதா?

நாசரேத்தூரார் மலை உச்சியிலிருந்து தள்ளிவிட வந்தபோது இயேசு நின்று வாங்கிக்கொள்ளவில்லை. அவர்கள் நடுவே நடந்து போய்விட்டார். தமஸ்குவில் பிடிக்க ஆள் காத்திருக்கிறது என்று தெரிந்ததும் பவுல் மதில் வழியாகக் கூடையில் இறங்கித் தப்பினார். தன் வேளை வந்ததென்று அறிந்து சிலுவைக்குப் போவது வேறு, சனிக்கிழமைதோறும் ஒரு குடிகாரன் கையில் அடிபடுவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர் எந்த அங்கி போட்டிருந்தாலும் கேட்காதீர்கள்.

உங்களுக்கு 1 பேதுரு மூன்றாம் அதிகாரத்தை வாசித்துக் காட்டியிருப்பார்கள். முதல் ஆறு வசனங்கள் மனைவிமாருக்கு. ஏழாவது கணவருக்கு: மனைவிக்கு உரிய மதிப்பைக் கொடுக்காதவனுடைய ஜெபத்துக்கே தடை விழும் என்கிறது. பெரும்பாலான பிரசங்கங்கள் ஆறாம் வசனத்தோடு முடிந்துவிடுவது ஏன் என்று எனக்கும் புரிவதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். பெண்களுக்கான உதவி எண் 181, இரவானாலும் அழைக்கலாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கணவர் உங்களை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட முடியும்; அந்த வீட்டில் வசிக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு, வீடு யார் பெயரில் இருந்தாலும். ஆதார், பிள்ளைகளின் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள். கணவருக்காக ஜெபிக்க விருப்பமிருந்தால் பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டு ஜெபியுங்கள். அங்கிருந்தும் கேட்கும்.

தினமும் காலையில் 340 பேருக்கு வாட்ஸ்அப்பில் வாக்குத்தத்த வசனம் அனுப்புகிறேன். பத்துப் பேர்கூடப் பதில் போடுவதில்லை. சோர்வாக இருக்கிறது.
*வாசகர், திருச்சி*

340 பேரில் யாருக்கு நேற்று வேலை போனது, யார் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறார், யாருக்கு மகளோடு பேச்சுவார்த்தை இல்லை என்று தெரியுமா? நாளைக்கு ஒருநாள் வசனத்தை நிறுத்திவிட்டு ஒரே ஒருவரை அழைத்து "எப்படி இருக்கீங்க?" என்று கேளுங்கள். பதில் நிச்சயம் வரும். அரை மணி நேரம் வரும், போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

'தேவபக்தியுள்ள, இரட்சிக்கப்பட்ட, அதே இனத்தைச் சேர்ந்த, சிவந்த நிறமுள்ள மணமகள் தேவை' என்று மகனுக்கு விளம்பரம் கொடுத்து மூன்று வருடமாகிறது. தேவன் இன்னும் கதவைத் திறக்கவில்லை.
*வாசகர், நாகர்கோவில்*

திறந்திருப்பார். வந்தவர்களிடம் 'நீங்க என்ன ஆளுக?' என்று கேட்டு நீங்கள்தான் சாத்தியிருப்பீர்கள்.

சிவந்த நிறம் கேட்டிருக்கிறீர்கள். மோசே எத்தியோப்பியப் பெண் ஒருத்தியை மணந்துகொண்டதற்காக அவருடைய அக்காள் மிரியாம் முணுமுணுத்தாள். அவளுடைய தோல் அன்றே வெள்ளைவெளேர் என்று ஆகிவிட்டது, குஷ்டத்தால். ஏழு நாள் பாளயத்துக்கு வெளியே இருந்தாள் (எண்ணாகமம் 12). நிறம் கேட்கும் மாமியார்களுக்கு இந்த அதிகாரத்தை யாரும் பரிந்துரைப்பதில்லை.

ஜாதிக்கு வருவோம். கிறிஸ்துவுக்குள் யூதன், கிரேக்கன், அடிமை, சுயாதீனன் என்ற பிரிவு இல்லை என்று கலாத்தியருக்கு எழுதியதை வாசிக்கும்போது ஆமென் சொல்கிறோம். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் வரன் பக்கத்தைத் திறந்தால் அந்த ஆமென் காணாமல் போகிறது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் ஜாதிவாரியாகப் பிரித்த சுவர் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். எக்காளம் தொனிக்கும் நாளில் எந்தப் பக்கத்தார் முதலில் எழுந்திருப்பது என்று அங்கே ஒரு கமிட்டி போடுவோமோ என்னவோ. இரட்சிக்கப்பட்ட மருமகள் வேண்டும் என்கிறீர்கள். மாமனாருக்கும் அதே தகுதியைப் பெண் வீட்டார் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

மகன் ஆராதனை நேரத்தில் போனைப் பார்க்கிறான். கேட்டால் பைபிள் ஆப் என்கிறான்.
*வாசகி, தாம்பரம்*

முதலில், உங்களுக்கு எப்படித் தெரிந்தது? கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டிய நேரமாயிற்றே!

நண்பரின் பத்தொன்பது வயது மகன் பைக் விபத்தில் இறந்துவிட்டான். ஆறுதலாக எந்த வசனத்தைச் சொல்லலாம்?
*வாசகர், தரங்கம்பாடி*

எந்த வசனமும் வேண்டாம். போய் உட்காருங்கள்.

யோபின் நண்பர்கள் மூவர் வந்து ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் புத்தகம் முழுவதிலும் அவர்கள் செய்த உருப்படியான காரியம் அதுதான். பிறகு வாயைத் திறந்தார்கள். பாவம் செய்திருப்பாய், தேவன் சோதிக்கிறார், இதிலும் ஒரு நன்மை இருக்கும் என்று அதிகாரம் அதிகாரமாக நீண்டது. கடைசியில் கர்த்தருக்கே அவர்கள்மேல் கோபம் வந்தது.

'ஆண்டவருக்குப் பிரியமான பிள்ளை, அதனால்தான் சீக்கிரம் எடுத்துக்கொண்டார்' என்று துக்க வீட்டில் சொல்கிறவர்களைப் பார்க்கும்போது கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிடலாம் போல இருக்கும். அதைக் கேட்கும் தாய் மீதியிருக்கும் பிள்ளையை நினைத்துப் பயப்பட மாட்டாளா? அந்தப் பிள்ளையும் அவருக்குப் பிரியமாகிவிட்டால்? பாரமான மனதுக்கு முன்னால் பாட்டுப் பாடுவது, குளிர்காலத்தில் ஒருவனுடைய மேலாடையை உருவுவதற்குச் சமம் என்று நீதிமொழிகளில் இருக்கிறது (25:20). சங்கீதம் 88-ஐ எடுத்துப் பாருங்கள். கதறலில் தொடங்கி இருளில் முடிகிறது. கடைசியில் ஒரு ஸ்தோத்திரம் சேர்த்து அதைச் சரிக்கட்ட யாரும் முயலவில்லை. துக்கத்துக்கு வேதாகமம் கொடுத்திருக்கும் இடத்தை நாம் ஏன் பிடுங்க வேண்டும்?

வேலை நிறைய இருக்கும். மருத்துவமனைக் காகிதங்கள், போலீஸ் ஸ்டேஷன், கல்லறைத் தோட்டத்தில் குழி, வெளியூர்க்காரர்களுக்குச் சாப்பாடு, பந்தல்காரருக்குப் பணம். அதில் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் கலைந்து மூன்று மாதம் ஆனபிறகு போங்கள். அவன் பிறந்தநாளில் போங்கள். அவன் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். மற்றவர்கள் எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லப் பயந்து வானிலை பேசிக்கொண்டிருப்பார்கள்.

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். 'விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?' என்கிறார் ஜெபக்குழுத் தலைவர்.
*வாசகி, வேலூர்*

தலைவர் மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு. பவுல் அவருக்கு எழுதிய கடிதத்தில் கை வைத்து ஜெபிக்கச் சொல்லவில்லை. வெறும் தண்ணீரை விட்டுவிட்டுக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். கூடவே பயணம் செய்த லூக்கா வைத்தியர். நீங்களோ வேலூர்க்காரர். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தது எந்த ஆஸ்பத்திரியாக வளர்ந்து நிற்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜெபம் போதும், மருத்துவம் வேண்டாம் என்று அந்த அம்மா நினைத்திருந்தால் அமெரிக்கா போய் அத்தனை வருடம் டாக்டருக்குப் படித்திருப்பாரா?

மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். திடீரென்று மனம் தாங்காமல் போனால் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. குழுத் தலைவரிடம் சண்டை வேண்டாம். அடுத்த முறை அவருக்குப் பல்வலி வரும்வரை காத்திருங்கள்.

எங்கள் வாலிபர் சங்கத்தில் கிறிஸ்துமஸுக்கு மலைக்கிராமத்தில் போர்வை கொடுத்தோம். முகநூலில் படம் போட்டோம். வலது கை கொடுப்பதை இடது கை அறியக் கூடாது என்று ஒரு தாத்தா திட்டுகிறார். அந்தக் காலத்தில் ஏது போன்?
*வாலிபர், மெஞ்ஞானபுரம்*

போன் இல்லாவிட்டாலும் எக்காளம் இருந்தது, தம்பி. தர்மம் செய்யும்போது ஊதுவார்களாம். தாத்தா சரியாகத்தான் திட்டியிருக்கிறார்.

உங்கள் மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்து வட்டாரத்துக்காரர் ஒருவரைச் சொல்கிறேன். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியா. 1910-இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. அங்கே வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். அவர்கள் முன்னால் நின்று முப்பத்தைந்து வயது அசரியா பேசினார். உங்கள் தியாகத்துக்கு எங்கள் சபைகள் நன்றிக்கடன் பட்டிருக்கின்றன, உடைமையைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், இப்போது எங்களுக்கு வேண்டியது நட்பு என்று கேட்டார். மிஷனெரிகளும் இந்திய ஊழியர்களும் ஒரு வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடக்கூடத் தயங்கிய காலம். கூட்டத்தில் சிலருக்கு முகம் சுருங்கியது. இரண்டே ஆண்டுகளில், 1912-இல், அவர் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர்.

போர்வை வாங்கின பாட்டியின் பெயர் என்ன? படத்தில் அவர் இருக்கிறார், கீழே உங்கள் பெயர்கள் மட்டும் இருக்கின்றன. பிப்ரவரியில் கேமரா இல்லாமல் போய் அவர் வீட்டில் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு வாருங்கள். அவர் உங்களுக்குக் கொடுக்கட்டும். வாங்கிப் பழகாதவர்களுக்குக் கொடுக்கவும் தெரியாது.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தை 3,000 ரூபாய்க்கு எடுத்தேன். பெருமைக்காகச் செய்தேன் என்கிறாள் மனைவி.
*வாசகர், மார்த்தாண்டம்*

'ஒரு தரம்... இரண்டு தரம்...' என்று இழுக்கும்போது பக்கத்துக் குடும்பத்துக்காரரைத் திரும்பிப் பார்த்தீர்களா? அதைத்தான் அம்மா கவனித்திருப்பார். எனக்கென்னவோ இந்த ஏலம் பிடிக்கும். முதல் காய்த்த பூசணி, நாட்டுக்கோழி, பலாப்பழம், கேலி, சிரிப்பு எல்லாம் சேர்ந்து சபை ஒரு குடும்பமாக இருப்பது வருடத்தில் அந்த ஒருநாள்தான். பணமும் சபைக்குத்தான் போகிறது. ஆனால் திங்கட்கிழமை சந்தையில் கீரைக்காரப் பாட்டியிடம் இருபது ரூபாய்க் கட்டைப் பதினைந்துக்குக் கேட்டீர்களானால் நான் அம்மா கட்சி.

காணிக்கை கொடுக்க வசதி இல்லை. பையை நீட்டும்போது கூச்சமாக இருக்கிறது.
*வாசகி, இடையன்குடி*

மிசோரம் மலைகளில் 1910-இல் ஒரு பழக்கம் தொடங்கியது. ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் வீட்டுப் பெண் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைப்பார். சபைப் பெண்கள் அதைச் சேர்த்து விற்றுப் பணமாக்குவார்கள். ஏழை மலைச்சாதியினரின் அந்தப் பிடி அரிசியில்தான் அங்கே எத்தனையோ ஊழியங்கள் நடக்கின்றன. நம் பக்கத்திலும் பாட்டிமார் கைப்பிடி அரிசிக் கலயம் வைத்திருந்தார்கள். அதுவும் முடியாத மாதம் பையை அடுத்தவருக்குப் புன்னகையோடு நகர்த்துங்கள். ஏழை விதவையின் இரண்டு காசைப் பாராட்டியவர், அதற்குச் சற்றுமுன் விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களைக் கண்டித்தார். நிர்வாகிகள் அந்த வரிகளைச் சேர்த்து வாசிப்பது நல்லது.

பாத்திரம் கழுவும்போதும் துணி துவைக்கும்போதும் தேவனை நினைப்பது எப்படி?
*வாசகி, திண்டுக்கல்*

சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு கர்மேல் மடத்துச் சமையல்காரர். அதற்கு முன் போர்வீரர், காலில் ஊனம். சமையல் வேலை அவருக்குச் சுபாவமாகவே பிடிக்காது. இதுதான் அவரிடம் எனக்குப் பிடித்த விஷயம். பிடிக்காத அடுக்களையில் பல வருடம் இருந்துகொண்டு, ஆராதனை நேரத்துக்கும் சட்டி உருளும் நேரத்துக்கும் தனக்கு வித்தியாசம் இல்லை என்று சொல்லுமளவுக்கு வந்தார். பெரிய வழிமுறை ஒன்றும் இல்லை. வேலை நடுவே ஆண்டவரிடம் பேசுவார், மறந்துபோனால் வருத்தப்பட்டு உட்காராமல் மறுபடி பேசுவார். 1691-இல் அவர் இறந்த பிறகு கடிதங்களையும் உரையாடல்களையும் சேர்த்துப் புத்தகமாக்கினார்கள். தமிழிலும் கிடைக்கிறது.

இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டு ஆண்கள், 'பார்த்தாயா, பாத்திரம் கழுவுவதே ஜெபம்' என்று உங்களிடம் சொல்ல வந்தால், லாரன்ஸ் ஆண்பிள்ளை என்பதை நினைவூட்டுங்கள்.

அண்ணன் சொத்தில் ஏமாற்றிவிட்டான். மன்னித்துவிட்டேன் என்று வாயால் சொல்கிறேன், நெஞ்சு ஒப்பவில்லை. வழக்கும் நடக்கிறது. நான் பாசாங்குக்காரனா?
*வாசகர், தென்காசி*

பாசாங்குக்காரர் இப்படிக் கேட்க மாட்டார். நெஞ்சு பிறகு வரும். கொரி டென் பூம் என்ற டச்சு அம்மையார், யூதர்களை வீட்டில் ஒளித்துவைத்ததற்காக 1944-இல் கைதாகி ராவன்ஸ்புரூக் முகாமில் அடைக்கப்பட்டவர். அக்காள் அங்கேயே செத்துப்போனார். 1947-இல் மியூனிக் நகரச் சபையொன்றில் மன்னிப்பைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கினார். அந்த முகாமின் பழைய காவலன் ஒருவன் எதிரே வந்து கையை நீட்டினான். அவருக்குக் கை எழவில்லை. அன்பு ஒரு துளியும் இல்லை. கையை மட்டும் நீட்டுகிறேன், உணர்வை நீர் கொடும் என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டு நீட்டினார். நீட்டிய பிறகுதான் உள்ளே ஏதோ இளகியது என்று எழுதியிருக்கிறார்.

வழக்கு வேறு கணக்கு. மன்னித்தவர் பத்திரத்தைக் கிழித்துப்போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் சகோதரர்கள் நீதிமன்றப் படி ஏறுவதைப் பவுல் வெட்கக்கேடு என்கிறார், நடுவில் தீர்த்துவைக்க ஒரு விவேகிகூட உங்களுக்குள் இல்லையா என்று கேட்கிறார். உங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் சமரச மையம் இருக்கும், அங்கே மனுப் போடுங்கள். அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகை வந்தால் போய்வாருங்கள். பந்தியில் அண்ணன் பாயசம் பரிமாறினால் இலையை மூட வேண்டாம்.

வீட்டு வரைபட அனுமதிக்குக் 'கவனிக்க' வேண்டியிருக்கிறது. தேவ சித்தம் என்று கொடுத்துவிடலாமா?
*வாசகர், திருவள்ளூர்*

தேவ சித்தத்துக்கு ரசீது கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். மாயவரம் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே லஞ்சத்தைச் சாடி எழுதினார். தமிழின் முதல் நாவலை 1879-இல் வெளியிட்டவர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவதோடு அவரை விட்டுவிட்டோம். தாமதமாகும், எழுத்தில் கேளுங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போங்கள். புதுவீட்டுப் பிரதிஷ்டையன்று 'தடைகளையெல்லாம் நீக்கினவரே' என்று நீங்கள் உருக்கமாக ஜெபிக்கும்போது, தடையை நீக்கினவர் முன்வரிசையில் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

பக்கத்து வீட்டு அக்கா தீபாவளிப் பலகாரம் கொடுக்கிறார். வாங்கலாமா?
*வாசகி, கும்பகோணம்*

அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்தால், வைத்ததைத் துருவிக் கேட்காமல் சாப்பிடச் சொல்கிறார் பவுல். படைத்தது என்று ஒருவர் சொன்னால் மட்டும் அவருடைய மனச்சாட்சிக்காக விலகச் சொல்கிறார் (1 கொரிந்தியர் 10). உங்கள் மனச்சாட்சி இடம் தராவிட்டால் அக்காவிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள், புரிந்துகொள்வார். முன்வாசலில் வாங்கிப் பின்வாசலில் கொட்டுவதுதான் பாவம். அதிலும் அதிரசத்தை!

கமிட்டித் தேர்தலில் எதிரணி செய்த அநியாயத்துக்குப் பிறகு அவர்களோடு திருவிருந்தில் பக்கத்தில் முழங்காலிட மனம் வரவில்லை.
*வாசகர், சாத்தான்குளம்*

பிலிப்பி சபையில் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள். இருவருமே உழைப்பாளிகள், இருவருக்கும் ஆகாது. ஒரே சிந்தையாக இருங்களம்மா என்று பவுல் பெயரைச் சொல்லியே எழுதிவிட்டார், சபை நடுவே வாசிக்கப்படும் கடிதத்தில்! கிறிஸ்துவின் சிந்தையைப் பற்றிய அந்தப் பெரிய பகுதி வருவதும் இதே கடிதத்தில்தான். எதற்காகச் சண்டை போட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. சண்டை போட்டார்கள் என்பது மட்டும் இரண்டாயிரம் வருடமாகத் தெரிகிறது. நீங்கள் தோற்றது எந்தப் பதவி? பொருளாளரா?

எதிர் வீட்டுக்காரர் புது கார் வாங்கிவிட்டார். எரிச்சலாக இருக்கிறது. ஜெபித்தும் போகவில்லை.
*வாசகர், ஓசூர்*

மாதத் தவணை எவ்வளவு என்று கேளுங்கள். போய்விடும்.

லெந்து நாற்பது நாளும் மட்டன், சிக்கன் விட்டுவிட்டேன். மீன் சாப்பிடலாமா?
*வாசகர், குளச்சல்*

குளச்சலில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா! ஏசாயா 58-இல் உபவாசம் என்றால் நுகத்தடியை அவிழ்ப்பது, பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வது, வீடில்லாதவனை உள்ளே அழைப்பது என்று பட்டியல் இருக்கிறது. மீனைப் பற்றி ஒன்றும் இல்லை, நெய்மீனுக்கு விதிவிலக்கும் இல்லை. தாராளமாகச் சாப்பிடுங்கள். நாற்பது நாளும் மீனை உரசி, செதில் எடுத்து, கழுவி, குழம்பு வைக்கப்போவது நீங்கள்தானே?